ஏழாவது விலா

2025 ஏப்ரல் 9, புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, திண்டிவனத்துக்குக் கிழக்கே கழுவெளி உவர்நீர்ச் சதுப்பின் ஓரத்தில் உள்ள வேலந்தாங்கல் கிராமத்தில், பண்ணைக்குட்டை தோண்டிக்கொண்டிருந்த பொக்லைனின் வாளி ஒன்பதடி ஆழத்தில் ஒரு மரக்கப்பலின் முன்பகுதியைப் பிய்த்து மேலே கொண்டுவந்தது.

ஓட்டுநர் முதலில் பனைவேர் என்று நினைத்தார். வாளியை மூன்று முறை இறக்கி ஏற்றிய பிறகுதான் வண்டியை நிறுத்தினார். அதற்குள் ஆறு விலாக்கட்டைகள் முறிந்திருந்தன. கரையில் கொட்டிய சேற்றில் கட்டைவிரல் பருமன் இரும்பாணிகளும் கருத்துப்போன தேக்குப் பலகைகளும் கிடந்தன. முறிந்த இடத்தில் மட்டும் மரம் நேற்று அறுத்ததுபோல் தேன் நிறத்தில் இருந்தது.

குட்டை தோண்டச் சொன்னவர் சுப்பராயலு, அறுபத்தொரு வயது. நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அது அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அப்பா இறந்து ஒன்பது வருடமாகியும் தம்பி வேங்கடேசனுக்கும் அவருக்கும் பாகம் பிரியவில்லை. திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. எதிரெதிர் வீடுகளில் குடியிருந்துகொண்டு நான்கு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசவில்லை. குட்டை தோண்டியதையே வேங்கடேசன் தன் வக்கீல் மூலம் ஆட்சேபித்திருந்தார்.

கப்பல் கிடைத்த செய்தி கிராம நிர்வாக அலுவலர் வழியாக விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. பதினாறு நாள் கழித்துத் தொல்லியல் துறையிலிருந்து கலைப்பிரியா வந்தார். வயது முப்பத்துநான்கு. விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். பழைய மரக்கலங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதுதான் அவருடைய ஆய்வு. உதவிக்கு வந்த தமிழ்மணி திண்டிவனத்துக்காரர், வரைபடம் போடுபவர். ஜூன் 12 வரை அனுமதி. அதன்பிறகு பள்ளத்தை மணல் போட்டு மூடிவிட வேண்டும் என்பது உத்தரவு.

கலைப்பிரியாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சுப்பராயலுவுக்கு அவர் முதல் வாரத்திலேயே விளக்கினார்.

"ஐயா, பந்தல் போடறவங்க மொதல்ல காலை நட்டு, குறுக்குக் கழி கட்டி, அப்புறம்தான கீத்து வேய்வாங்க? சில ஊர்ல கப்பலை அந்த மாதிரி கட்டினாங்க. எலும்புக்கூடு முதல்ல, பலகை அப்புறம். இன்னும் சில ஊர்ல பலகையை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஓடு மாதிரி பண்ணிட்டு, அப்புறம் உள்ள விலாவை வெச்சு அடிச்சாங்க. இது எந்த மாதிரின்னு பாக்கணும்."

"செத்த கப்பல் எப்படிப் பொறந்துச்சுன்னு தெரிஞ்சி இன்னாம்மா பண்ணப்போறீங்க?"

"யார் கட்டினாங்கன்னு தெரியும். மரம் தேக்கு. பலகை இடுக்குல பஞ்சும் குங்கிலியமும். அது நம்ம பக்கத்துக் கை. ஆணி வெள்ளைக்காரன் ஆணி. வரைபடம் அவன் குடுத்தானா, இல்ல நம்ம ஆளுங்க கண்ணளவுல கட்டினாங்களா? விலாவோட அடிக்கட்டையும் பக்கக்கட்டையும் சேர்ற இடத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும். அந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஆப்பு போட்டு இணைச்சிருந்தா, எலும்புக்கூடு முதல்ல நின்னுச்சு, வரைபடம் அவனோடதுன்னு அர்த்தம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் ஆறு வருஷமா எழுதினது சரி."

ஒன்றிலிருந்து ஆறு வரையிலான விலாக்களின் இணைப்புகளைப் பொக்லைன் நொறுக்கியிருந்தது. எட்டாவதிலிருந்து பின்பக்கம் முழுவதும் கப்பல் புழு தின்று சல்லடையாகக் கிடந்தது. ஏழாவது விலா மட்டும் முழுதாக இருந்தது. ஆனால் அதன் இணைப்பு, உட்பலகைக்கும், கப்பல் சாயாமலிருக்க அடியில் கொட்டிய இரண்டு அடி உயரப் பாரக்கல்லுக்கும் கீழே மறைந்திருந்தது. மேலே இருப்பதை அளந்து வரைந்து எடுத்த பிறகுதான் கீழே உள்ளதைத் தொடலாம். கலைப்பிரியா அந்த வரிசையை மாற்றமாட்டார். எனவே ஏழாவது விலா கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போனது.

மும்முனை மின்சாரம் காலையில் ஆறு மணி நேரம் வரும். அந்த நேரத்தில் மோட்டார் வைத்துப் பள்ளத்தின் உப்புத்தண்ணீரை இறைத்தார்கள். மற்ற நேரம் மரத்தின் மேல் நனைந்த சாக்கு.

மே பன்னிரண்டாம் தேதி வாக்கில் கப்பலின் இடப்பக்க அடியில் ஒரு ஓட்டை தெரிந்தது. இரண்டடிக்கு ஒன்றரையடி. பீரங்கிக் குண்டு துளைத்தால் மரம் உள்பக்கமாகச் சிதறும். இது அப்படியில்லை. உள்ளிருந்து கோடரியால் வெட்டப்பட்டிருந்தது. கலைப்பிரியா வெட்டுகளை எண்ணினார். பதினொன்று. முதல் எட்டும் ஆழமானவை. கடைசி மூன்று மேலோட்டமாக விழுந்திருந்தன.

"தண்ணி உள்ள வந்திருக்கும். தண்ணிக்குள்ள கோடாலி வீச முடியாது" என்றார்.

"உள்ளாளு வேலை மேடம்" என்றார் தமிழ்மணி. "கூட்டாளி எவனோ. முன்னூறு வருஷம் ஆவட்டும், எவனும் எவனையும் நம்பக்கூடாது."

சுப்பராயலு கரையில் உட்கார்ந்து அந்த ஓட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மூன்றாவது வாரம் மழை பெய்து பள்ளத்தின் தென்பக்கச் சரிவு இடிந்தது. அளவெடுப்பதற்காகப் பள்ளத்துக்குள் அடித்திருந்த முளைகள் சேற்றோடு போயின. இனி கெட்டித்தரையில்தான் முளை அடிக்க வேண்டும் என்று கலைப்பிரியா முடிவு செய்தார். மே 26, திங்கட்கிழமை, கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையின் போக்கிலேயே ஒரு கோடு போட்டார். தென்மேற்கு மூலைப் பனைமரத்தின் அடியில் ஒரு முளை. வடகிழக்கில் மோட்டார் கொட்டாய்க்கு இரண்டடி இப்பால் இன்னொன்று. நடுவில் வெள்ளை நைலான் நூல், நானூற்று எழுபதடி. கப்பலில் உள்ள ஒவ்வொரு ஆணியின் இடமும் இனி அந்த நூலிலிருந்து எத்தனை அடி என்றுதான் எழுதப்படும்.

நூலை இழுத்துக் கட்டும்போது தமிழ்மணிக்கு ஒரு கை குறைந்தது. "பெரியவரே, இதச் சித்த புடிங்க" என்று நூலின் ஒரு முனையைச் சுப்பராயலுவிடம் கொடுத்தார். சுப்பராயலு வாங்கிப் பிடித்துக்கொண்டு நான்கைந்து நிமிடம் நின்றார்.

பக்கத்து வரப்பில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த வேங்கடேசனின் மனைவி அம்மணி அதைப் பார்த்தார்.

அன்று மாலை நான்கரை மணிக்கு வேங்கடேசன் வந்தார். ஐம்பத்துநான்கு வயது, குள்ளமான, கனத்த உடம்பு. வந்த வேகத்தில் தமிழ்மணியின் கன்னத்தில் அறைந்தார். தமிழ்மணியின் கண்ணாடி பள்ளத்தில் விழுந்தது.

"எவனக் கேட்டுடா மொளை அடிச்ச? சர்வேயரா நீ?"

"சார், இது கப்பலுக்கு..."

"கப்பலு மயிரு! கொட்டாய் அந்தாண்ட, உப்புத்தரை இந்தாண்ட. கப்பல் பாகம் கேட்டுச்சா?"

சுப்பராயலு கையில் கிடைத்த பிவிசி குழாயோடு ஓடிவந்து தம்பியின் முதுகில் அடித்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"கவருமெண்டு ஆளு மேல கை வெக்கிறியா? அறிவு கெட்டவனே!"

"நீ கயிறு புடிச்சியா இல்லியா? அத்த மொதல்ல சொல்லு! அம்மணி கண்ணால பாத்துக்கினு வந்து சொல்றா. புடிச்சியா இல்லியா?"

"புடிச்சேன். இன்னாங்கற இப்போ?"

இரண்டாவது அடியில் குழாய் உடைந்தது. அதன் முனை வேங்கடேசனின் காதைக் கிழித்தது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்க, இடிந்த சேற்றை அள்ள வந்திருந்த பொக்லைன் ஓட்டுநரும் இரண்டு கூலியாட்களும் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

வேங்கடேசன் எதைக் கேட்கிறார் என்று கலைப்பிரியாவுக்கு விளங்கவில்லை. தமிழ்மணியின் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அதனால் அவருக்கும் தெரியவில்லை. சுப்பராயலுவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லவில்லை.

ஜூன் 2 காலை பார்த்தபோது மோட்டாரின் ரப்பர் குழாய் ஆறு இடத்தில் அரிவாளால் வெட்டப்பட்டிருந்தது. பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒரு நாள் வேலை போயிற்று. மதியம் சுப்பராயலு கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், எதிர்வீட்டு வாசலில் நின்ற வேங்கடேசனின் மோட்டார் சைக்கிளை இன்ஜின் தெறிக்கும்வரை அடித்தார். தடுக்க வந்த அம்மணியின் கையில் ஒரு அடி விழுந்து மணிக்கட்டு எலும்பில் கீறல் விழுந்தது. இரவே வேங்கடேசன் மச்சான்கள் இருவரோடு வந்து ஆய்வுக் கூடாரத்தைக் கொளுத்தினார். சாக்குகள் ஈரமாக இருந்ததால் தீ பள்ளத்துக்குள் இறங்கவில்லை. ஜூன் 5 காவல் நிலையத்தில் இரு தரப்பிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஜூன் 7, சனிக்கிழமை, கலைப்பிரியா தமிழ்மணியை அழைத்துக்கொண்டு வேங்கடேசன் வீட்டுக்கே போனார். வரைபடத்தைக் காட்டிப் புரியவைத்துவிடலாம் என்று நம்பினார்.

அம்மணி கையில் மாவுக்கட்டோடு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"கப்பலுக்கு எதுக்கும்மா எங்க கொட்டாய் வரைக்கும் நூலு?"

"பள்ளத்துக்குள்ள மண்ணு நிக்க மாட்டேங்குதுக்கா. கெட்டியான எடத்துல கட்டணும்."

"அது செரி. கட்டு. மூத்தவரு கையில ஏன் குடுத்த? பாகம் பிரிக்கறப்போ மூத்தவருதான் கயிறு புடிப்பாரு. எளையவரு பக்கத்துல நிக்கணும். கயிறு விழுந்தப்பறம் எளையவருதான் மொதல்ல வாயத் தொறந்து எனக்கு இந்தப் பக்கம்னு சொல்லணும். எங்க மாமனாரு, அவுரு பங்காளிங்க, எல்லாம் அப்படித்தான் பிரிச்சிக்கினாங்க. எளையவரு இல்லாத நேரமாப் பாத்துக் கயிறு புடிச்சா அதுக்கு இன்னா அர்த்தம்?"

கலைப்பிரியா, "எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

"உனக்குத் தெரியாது. அவுருக்குத் தெரியும் இல்ல?"

சுவரோரம் குந்தியிருந்த வேங்கடேசன், "நான் ஒண்ணு சொல்றேன் மேடம்" என்றார். காதில் தையல் இருந்தது. குரல் தணிந்திருந்தது. "சண்ட வேணாம். கொட்டாயாண்ட இருக்கற மொளையப் புடுங்கி எங்கயாவது மாத்தி நட்டுக்குங்க. வரப்போரமா நடுங்க, ரோட்டுல நடுங்க. கோடு நெலத்துக்குக் குறுக்க போவக்கூடாது. அவ்வளவுதான். அப்புறம் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

அது முடியாத காரியமில்லை. கோட்டை மாற்றினால் அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் புதுக்கோட்டுக்குப் பொருத்தி மறுபடி சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் ஆகும். அனுமதி முடிய ஐந்து நாள்தான் இருந்தது. ஏழாவது விலாவைத் திறக்க இரண்டு நாள் போதாது.

"அஞ்சே நாள்ணா" என்றார் கலைப்பிரியா. "பன்னெண்டாம் தேதி நானே புடுங்கி எறிஞ்சிடறேன். இது வெறும் அளவுக்கோடு. நீங்களே பாருங்க."

பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். நிலத்தின் எல்லை, நடுவில் கப்பல், மூலைக்கு மூலை தடித்த கறுப்புக் கோடு. கீழே கிராமம், வட்டம், புல எண். அதற்கும் கீழே துறையின் முத்திரை.

வேங்கடேசன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீலு வெச்சாச்சா?" என்றார்.

"அது எல்லா படத்துலயும் வைக்கிறது சார்" என்று சொல்லித் தமிழ்மணி சிரித்தார். பதற்றத்தில் வந்த சிரிப்பு அது. வேங்கடேசன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வரைபடத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். வக்கீலாண்ட காட்டணும். நீங்க கெளம்புங்க."

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. ஏழு மணிக்குள் பள்ளம் வடிந்தது. பாரக்கற்களை முந்தைய நாளே எடுத்தாகிவிட்டது. கலைப்பிரியாவும் தமிழ்மணியும் மூங்கில் சீவலால் ஏழாவது விலாவின் மேல் இருந்த உட்பலகையைச் சுற்றிச் சேற்றைச் சுரண்டினார்கள். இரும்பாணி துருவாகவே கரைந்திருந்ததால் பலகை எளிதாக அசைந்தது. ஏழரைக்கு அதை உயர்த்திப் பக்கத்தில் ஈரச் சாக்கின் மேல் வைத்தார்கள். அடியில் விலா தெரிந்தது. அடிக்கட்டையும் பக்கக்கட்டையும் ஒன்றையொன்று மூன்றடி தூரத்துக்கு ஒட்டிக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் களிமண். ஆப்பு இருந்தால் அந்தக் களிமண்ணுக்குள் இருக்க வேண்டும்.

"கேமரா" என்றார் கலைப்பிரியா. கேமரா கரையில் இருந்தது. தமிழ்மணி அதை எடுக்க ஏணியில் ஏறினார். மேலே நின்றபடி, "மேடம், அவரு வர்றாரு" என்றார்.

வேங்கடேசன் கொட்டாய்ப் பக்கம் இருந்த முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நூலைக் கையில் சுற்றிக்கொண்டே பள்ளத்தை நோக்கி வந்தார். இன்னொரு கையில் கடப்பாரை. தமிழ்மணி தடுத்தபோது கடப்பாரையின் மழுங்கிய முனையால் அவர் வயிற்றில் குத்தினார். தமிழ்மணி கேமராவோடு குப்புற விழுந்தார். வேங்கடேசன் ஏணியில் இறங்கவில்லை, சரிவிலேயே சறுக்கி இறங்கினார்.

"இது இருக்கங்காட்டிதான கோடு? இது போச்சுன்னா கோடு எதுக்கு?"

கலைப்பிரியா விலாவின் மேல் குனிந்து இரு கைகளையும் விரித்தார். "அண்ணா, ரெண்டே நாள். அண்ணா, வேணாம்."

வேங்கடேசன் கலைப்பிரியாவின் தோளைப் பிடித்துச் சேற்றில் தள்ளினார். கடப்பாரையைக் கட்டைகளுக்கு இடையே நுழைத்து நெம்பினார். முதல் நெம்பலில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் பக்கக்கட்டை நடுவில் முறிந்து, நான்கடி நீளத்துக்குத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. மரம் முறிந்த சத்தம் வெடி வெடித்ததுபோல் இருந்தது என்று பின்னர் கூலியாட்கள் வாக்குமூலத்தில் சொன்னார்கள்.

சுப்பராயலு எப்போது இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் பின்னாலிருந்து தம்பியின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் கப்பலுக்குள் விழுந்தார்கள். வேங்கடேசன் கடப்பாரையை விடாமல் சுழற்றியதில் அண்ணனின் இடது முழங்கால் சில்லு உடைந்தது. சுப்பராயலு சேற்றில் தவழ்ந்து, பெயர்ந்து கிடந்த அந்தத் துண்டை இரு கையாலும் எடுத்தார். நீர் ஊறிய தேக்கு, முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒற்றை முழங்காலில் நின்றபடி அதைத் தலைக்குமேல் தூக்கி, எழ முயன்ற தம்பியின் நெற்றியில் போட்டார். மறுபடி தூக்கிப் போட்டார். மூன்றாவது முறை தூக்கியபோது கை வழுக்கி மரம் பக்கத்தில் விழுந்தது.

"எந்தப் பக்கம் வோணும்? சொல்லுடா" என்றார் சுப்பராயலு. "இப்போ சொல்லு. எந்தப் பக்கம் வோணும்?"

வேங்கடேசனின் கால்கள் பலகையில் உதைத்துக்கொண்டிருந்தன.

மரத்துண்டு கலைப்பிரியாவின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் கிடந்தது. அடிக்கட்டையோடு ஒட்டியிருந்த அதன் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. களிமண் பாதி உதிர்ந்திருந்தது. அங்கே கட்டைவிரல் அகலத்தில் வட்டமான ஒரு மரப்பொட்டு, நடுவில் முறிந்து வெளுத்துத் தெரிந்தது. அது இரண்டு கட்டைகளையும் கோத்த ஆப்பாக இருக்கலாம். வேண்டாத ஆணித்துளையை அடைத்த சின்னச் செருகலாகவும் இருக்கலாம். ஆழத்தை அளந்தால் தெரிந்துவிடும். அவர் விரலால் களிமண்ணைத் துடைத்தார். விரல் ரத்தத்தில் நனைந்தது. இன்னொரு முறை துடைத்தார்.

"மேடம்! போனு! 108-க்குப் போடுங்க மேடம்!" என்று மேலிருந்து தமிழ்மணி கத்தினார். அவர் மூன்று முறை கத்தியதாகவும், மூன்றாவது முறைதான் தான் திரும்பியதாகவும் கலைப்பிரியா போலீஸாரிடம் சொன்னார். எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார்கள். அரை நிமிடம் என்றார்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மறுநாள் பகல் இரண்டு மணிக்கு வேங்கடேசன் இறந்தார். சுப்பராயலு காலில் கட்டோடு வேடம்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பள்ளத்திலிருந்து போலீஸார் கடப்பாரை, நூல், ரத்தம் படிந்த மண், மரத்துண்டு ஆகிய நான்கையும் கைப்பற்றினார்கள். மரத்துண்டைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும் என்று கலைப்பிரியா கேட்டுக்கொண்டார். தண்ணீரில் வைத்தால் ரத்தம் போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் பதில் சொன்னார். நனைந்த சாக்கையாவது சுற்ற அனுமதிக்கும்படி கேட்டார். அதற்கும் அவர் அதையே சொன்னார். அளக்க அனுமதி கேட்டுக் கலைப்பிரியா திண்டிவனம் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். துண்டு காவல் நிலையத்தின் பின்பக்கம், பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழ் இருந்தது. ஜூன் மாத வெயில் நூறு டிகிரிக்கு மேல் அடித்தது.

ஜூன் 12 அன்று லாரியில் மணல் கொண்டுவந்து பள்ளத்தை மூடினார்கள். ஏழாவது விலாவின் அடிக்கட்டை நெம்பப்பட்டதில் நீளவாக்கில் பிளந்திருந்தது. இணைப்பு முகம் முழுவதும் சிதைந்திருந்தது. மூடுவதற்கு முன் கலைப்பிரியாவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அவர் இருப்பதை வரைந்துகொண்டார்.

ஜூலை 3 அன்று நீதிமன்ற அனுமதி கிடைத்தது. ஒரு காவலர் முன்னிலையில் அவர் மரத்துண்டைப் பார்த்தார். அது மூன்றாக வெடித்து, முன்பிருந்த பருமனில் பாதியாகச் சுருங்கியிருந்தது. இணைப்பு முகம் செதிலாக உதிர்ந்திருந்தது. பொட்டு இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். உதிர்ந்ததைப் பெருக்கிவிட்டதாகக் காவலர் சொன்னார்.

அறிக்கை அக்டோபரில் துறைக்குப் போனது. ஏழாவது விலாவுக்கு எதிரே, இணைப்பு முறை என்ற கட்டத்தில், "தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதியிருந்தது.